தழும்பு போடும் புரதம் தட்டில் இருப்பதில்லை

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 34 வயது. நான்கு வருடத்தில் ஐந்து முறை கணைய அழற்சி என்று மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். கடைசியாக எடுத்த சிடி ஸ்கேனில் கணையம் சுருங்கித் தழும்பேறியிருப்பதாகவும், அங்கங்கே சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிவதாகவும் எழுதியிருந்தார்கள். நாள்பட்ட கணைய அழற்சியாம். உடம்பிலுள்ள புரதங்கள்தான் கணையத்தில் தழும்பை உண்டாக்குகின்றன என்று ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் படித்தேன். அன்றிலிருந்து முட்டை, மீன், பால், பருப்பு எல்லாவற்றையும் அவனுக்கு நிறுத்திவிட்டேன். மூன்று மாதத்தில் 58 கிலோவிலிருந்து 52 கிலோவுக்கு வந்துவிட்டான். குடியை இரண்டு வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டான். சிகரெட் மட்டும் நாளுக்கு நாலைந்து. ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதியின் அளவு சரியாகத்தான் இருக்கிறது. நான் செய்வது சரியா? தழும்பைக் கரைக்க மருந்து உண்டா? அவனுக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கும் இது வருமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மற்றதெல்லாம் பிறகு. முதலில் முட்டையையும் மீனையும் பருப்பையும் தம்பிக்குத் திருப்பிக் கொடுங்கள். இன்றைக்கே.

நீங்கள் படித்த கட்டுரை தவறில்லை. அதிலிருந்த ஒரு சொல்தான் உங்களை ஏமாற்றிவிட்டது. சாப்பாட்டில் இருப்பதையும் புரதம் என்கிறோம்; உடம்பு தனக்குத் தானே தயாரித்துக்கொள்ளும் பல்லாயிரம் பொருள்களையும் அதே பெயரில்தான் அழைக்கிறோம். இன்சுலினும் புரதம்தான், ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினும் புரதம்தான், தலைமுடியும் புரதம்தான். கணையத்தில் தழும்பு போடச் சொல்லி உத்தரவிடும் புரதங்கள் அங்கேயே உள்ள செல்களிலும், ரத்தத்தின் வழியாக அங்கே வந்து சேரும் செல்களிலும் உருவாகின்றவை. முட்டையிலுள்ள புரதம் அந்த உருவத்திலேயே கணையத்துக்குப் போய்ச் சேர வழியே இல்லை. இரைப்பையிலும் குடலிலும் அது துண்டுதுண்டாக வெட்டப்பட்டு, அமினோ அமிலங்களாகவும் மிகச் சிறு துணுக்குகளாகவும்தான் உள்ளே உறிஞ்சப்படுகிறது. கட்டடத்தை இடித்துச் செங்கல்லாகப் பிரித்து எடுத்துப் போன பிறகு, அந்தச் செங்கல்லுக்குத் தான் முன்பு எந்தச் சுவரில் இருந்தோம் என்ற நினைவு இருக்காது.

அந்தச் செங்கல் வெளியிலிருந்து வராவிட்டால் உடம்பு சும்மா இருப்பதில்லை. தன் தசையை இடித்து எடுத்துக்கொள்ளும். 58 கிலோவில் 6 கிலோ என்றால் பத்து சதவீதத்துக்கும் மேல். மூன்று மாதத்தில் இவ்வளவு குறைவதை எந்த மருத்துவரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் கணைய நோயாளிகள் எல்லோரிடமும் எண்ணெயையும் கொழுப்பையும் அறவே விட்டுவிடும்படி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் அடுத்த முறை எலும்பும் தோலுமாக வந்து நின்றார்கள். நோய் முற்றுகிறது என்று நினைத்தேன். பாதி என் அறிவுரையின் வேலை என்பது பிறகுதான் உறைத்தது.

இனி, அந்தக் கட்டுரை சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். தம்பியின் சிகிச்சையை நீங்கள் புரிந்துகொள்ள அது உதவும்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு. அதன் எடை ஏறக்குறைய நூறு கிராம்தான். ஆனால் நாளுக்கு சுமார் ஒன்றரை லிட்டர் செரிமான நீரைச் சுரக்கிறது. புரத உற்பத்தியில் அதோடு போட்டியிட உடம்பில் வேறு உறுப்பு கிடையாது என்றே சொல்லலாம். செல்லுக்குள் புரதம் எங்கே உருவாகி, எந்த வழியாக வெளியே போகிறது என்பதை ஜார்ஜ் பாலாடே கண்டறிந்ததுகூட கினிப் பன்றியின் கணையத்தை வைத்துத்தான். 1974-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

இந்த உற்பத்தியில் ஒரு ஆபத்து இருக்கிறது. கணையம் தயாரிப்பவற்றில் டிரிப்சின் என்ற நொதி எந்தப் புரதத்தையும் வெட்டக்கூடியது. கணையமே புரதத்தால் ஆனதுதானே? அதனால் டிரிப்சின் பூட்டிய நிலையில்தான் உருவாகிறது. அந்த நிலையில் அதன் பெயர் டிரிப்சினோஜென். பூட்டைத் திறக்கும் சாவி சிறுகுடலில் இருக்கிறது. தப்பித்தவறிக் கணையத்துக்குள்ளேயே ஒன்றிரண்டு திறந்துகொண்டால் அவற்றின் வாயைக் கட்ட ஸ்பிங்க்1 என்ற புரதம் காவலுக்கு நிற்கிறது. டிரிப்சினையும் அதன் பூட்டிய வடிவத்தையும் வெட்டி அழிக்க இன்னொரு நொதி உண்டு. போதாததற்கு, ஒரு டிரிப்சின் இன்னொரு டிரிப்சினைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வெட்டிச் செயலிழக்கச் செய்யவும் முடியும். இத்தனை காவலையும் மீறி நொதிகள் உள்ளேயே விழித்துக்கொள்வதுதான் கணைய அழற்சி. கணையம் தன்னைத் தானே செரித்துக்கொள்கிறது என்று 1896-லேயே ஹான்ஸ் கியாரி என்ற மருத்துவர் எழுதிவிட்டார்.

ஒவ்வொரு முறையும் சில செல்கள் சாகின்றன. அந்த இடத்தை ஏதாவது ஒன்று நிரப்ப வேண்டும். முழங்காலில் சிராய்த்தால் புண் ஆறித் தழும்பு விழுவது போலத்தான் இதுவும். முதல் தாக்குதலுக்குப் பிறகு பெரும்பாலோருக்குக் கணையம் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. திடீர் அழற்சி ஒருமுறை வந்தவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் நாள்பட்ட நோய்க்குப் போகிறார்கள். திரும்பத் திரும்ப வந்தவர்களில் இது மூன்றில் ஒருவருக்கும் சற்று மேல். தம்பி இந்த இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறார்.

நுண்ணோக்கியில் இதை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். மேசன் டிரைக்ரோம் என்று ஒரு சாயம் உண்டு. அது செல்களைச் சிவப்பாகவும் தழும்பு நாரை நீலமாகவும் காட்டும். ஆரோக்கியமான கணையத்தில் திராட்சைக் கொத்துப் போலச் சிவப்பு உருண்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நீலம் தேடினால்தான் தெரியும்: குழாய்களைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். நாள்பட்ட அழற்சியில் படமே தலைகீழ். எங்கும் நீலம். அகலமான நீலப் பட்டைகளுக்கு நடுவே வெள்ளத்தில் மிச்சமான மேடு போல நாலைந்து சிவப்புக் கொத்துகள் ஒதுங்கி நிற்கும். குழாய் விரிந்து, உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கும். இன்சுலின் சுரக்கும் திட்டுகள் மட்டும் அந்த நீலத்துக்குள் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். சர்க்கரை நோய் பெரும்பாலும் தாமதமாக வருவது அதனால்தான்.

சுண்ணாம்புப் புள்ளிகள் என்று அறிக்கையில் எழுதியிருப்பது உவமை என்று நினைத்துவிடாதீர்கள். குழாய்க்குள் புரதம் கட்டியாகத் தேங்கி, அதன் மேல் கால்சியம் கார்பனேட் படிந்த கற்கள் அவை. சுண்ணாம்புக்கல்லும் அதே கால்சியம் கார்பனேட்தான்.

அந்த நீல நாரை நெய்வது யார் என்பது வெகுகாலம் தெளிவாகவில்லை. 1982-இல் சுண்டெலியின் கணையத்தில், வைட்டமின் ஏ துளிகளைச் சேமித்து வைத்திருக்கும் ஒருவகைச் செல்களைப் பார்த்தார்கள். 1998-இல் ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே அவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டின. கைகளை நீட்டியது போன்ற உருவம் என்பதால் நட்சத்திர செல்கள் என்று பெயர். கணையத்தின் செல்களில் நூற்றுக்கு நான்கு முதல் ஏழு வரைதான் இவை. சாதாரண நாட்களில் வைட்டமின் ஏ துளிகளை வைத்துக்கொண்டு, பழைய நாரை எடுத்துப் புதிய நாரை வைத்து, கொஞ்சம் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டு கிடக்கும். பக்கத்தில் செல்கள் சாகத் தொடங்கினால் இவற்றின் குணமே மாறிவிடுகிறது. துளிகளைத் தொலைத்துவிட்டு, தசைச்செல் போலச் சுருங்கும் சக்தி பெற்று, பெருகி, காயத்தை நோக்கி நகர்ந்து, கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் கொட்ட ஆரம்பிக்கின்றன. அந்த நீல நார் இதுதான்.

இப்படி மாறச் சொல்லி உத்தரவு கொடுப்பவைதான் நீங்கள் படித்த புரதங்கள். முதல் பெயர் டிஜிஎஃப்-பீட்டா. இது திசுக்களில் முன்கூட்டியே தயாராக, உறைபோட்ட நிலையில் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. அழற்சியின்போது வெளிப்படும் நொதிகளோ, செல்களின் இழுவிசையோ உறையைக் கழற்றினால் உடனே வேலைக்கு வந்துவிடும். நட்சத்திர செல்லின் மேல் உத்தரவுகளை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் போய் அமர்ந்ததும், உள்ளே ஸ்மேட் என்ற தூதர்கள் செல்லின் கருவுக்குப் போய்க் கொலாஜன் மரபணுவைத் திறந்துவிடுகின்றன. பிடிஜிஎஃப் என்ற இன்னொன்று செல்களைப் பெருகவும் நகரவும் வைக்கிறது. டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் பின்னாலிருந்து தூண்டுகின்றன. கட்டு மீறிய டிரிப்சினே நட்சத்திர செல்லின் மேல் உள்ள ஓர் ஏற்பியை வெட்டி அதை எழுப்பிவிடவும் கூடும்.

இதில் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்றுதான். விழித்துக்கொண்ட நட்சத்திர செல் தானே டிஜிஎஃப்-பீட்டாவைச் சுரக்கிறது. அந்தப் புரதம் அதே செல்லையும் பக்கத்துச் செல்லையும் மறுபடி தூண்டுகிறது. தீ வைத்தவன் போன பின்பும் தீ தானாக எரிவது போல. தம்பி குடியை விட்டு இரண்டு வருடம் ஆகியும் ஸ்கேனில் தழும்பு தெரிவதற்கு இது ஒரு காரணம். சிகரெட் இன்னொரு காரணம், அதற்கு வருகிறேன்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. எம்எம்பி என்ற நொதிகள் நாரை வெட்டி அகற்றும். டிம்ப் என்ற புரதங்கள் அந்த வெட்டும் நொதிகளின் கையைக் கட்டும். இரண்டையும் நட்சத்திர செல்தான் சுரக்கிறது என்பதுதான் வேடிக்கை. தழும்பு கூடுவதும் குறைவதும் இந்த இரண்டுக்கும் நடக்கும் இழுபறி. டிஜிஎஃப்-பீட்டாவின் குடும்பத்திலேயே பிறந்து அதற்கு எதிராக வேலை செய்யும் பிஎம்பி2 என்ற புரதமும் உண்டு. எலும்பு வளர்ச்சியை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்ட குடும்பம் அது. கணையத்தில் நட்சத்திர செல்லை அடக்கிவைக்க உதவுகிறது. அந்த பிஎம்பி-யைப் பிடித்துச் செயலிழக்க வைக்கும் கிரெம்லின் என்ற புரதம் நாள்பட்ட அழற்சியில் அதிகமாகிவிடுகிறது. மரபணு வழியாக கிரெம்லின் குறைவாக இருக்கும்படி செய்த சுண்டெலிகளுக்குத் தழும்பு குறைவாகவே விழுந்தது. உங்கள் கட்டுரை பேசியது அநேகமாக இந்த ஆராய்ச்சியைத்தான் என்று நினைக்கிறேன்.

இந்தச் சுண்டெலிகளுக்குக் கணைய அழற்சியை வரவைக்கப் பெரும்பாலும் செருலின் என்ற மருந்தைத் திரும்பத் திரும்ப ஊசியில் போடுவார்கள். அது முதலில் கிடைத்தது ஆஸ்திரேலிய மரத்தவளை ஒன்றின் தோலிலிருந்து. சாப்பிட்டதும் நம் குடல் சுரக்கும் ஹார்மோனைப் போலவே இருப்பதால் கணையம் ஏமாந்து அளவு மீறிச் சுரந்து காயப்பட்டுப்போகிறது. இதை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. செருலினை நிறுத்திவிட்டால் சுண்டெலியின் கணையம் பெருமளவு தேறிவிடும். மனிதக் கணையம் அவ்வளவு எளிதில் தேறுவதில்லை. “எலியில் தழும்பு கரைந்தது” என்ற செய்தியைப் பார்த்ததும் தம்பிக்கு அதை வாங்கிக் கொடுக்க ஓடாதீர்கள்.

அதுதான் உங்கள் இரண்டாவது கேள்வி. கணையத் தழும்பைக் கரைப்பதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்று எதுவும் இல்லை. டிஜிஎஃப்-பீட்டாவைத் தடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவதும் அதுதான். ஆனால் அதே புரதம்தான் நோயெதிர்ப்புச் செல்கள் கட்டுமீறாமல் பார்த்துக்கொள்கிறது. டிஜிஎஃப்-பீட்டா1 இல்லாமல் பிறக்கவைத்த சுண்டெலிகள் ஒரு மாதத்துக்குள் உடம்பெங்கும் அழற்சி பரவிச் செத்துப்போயின. அதன் ஏற்பியை அடைக்கும் மருந்துகள் சில, ஆய்வக விலங்குகளின் இதய வால்வுகளைச் சேதப்படுத்தின. நுரையீரல் தழும்பு நோய் ஒன்றுக்கு பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்று இரண்டு மருந்துகள் 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவையும் தழும்பு முற்றும் வேகத்தைக் குறைக்குமே தவிர, விழுந்த தழும்பை எடுக்காது. பழைய தழும்பு கரையாததற்கு இன்னொரு காரணம் கொலாஜனின் அமைப்பு. மூன்று இழைகளை முறுக்கித் திரித்த கயிறு அது. நாளாக நாளாக கயிறுக்கும் கயிறுக்கும் குறுக்கே முடிச்சு விழுந்து இறுகிக்கொண்டே போகும். புதுத் தழும்பை வெட்டும் நொதிகளால் இந்த இறுகிய நாரை எளிதில் வெட்ட முடிவதில்லை.

நட்சத்திர செல்லில் வைட்டமின் ஏ இருந்தது என்று மேலே எழுதினேன். அதைப் படித்துவிட்டு வைட்டமின் ஏ மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்! அளவு மீறினால் அது கல்லீரலைக் கெடுக்கும். ரத்தத்தில் குறைவு என்று தெரிந்தால் மட்டும், மருத்துவர் சொல்லும் அளவில். கொலாஜன் தூள் சாப்பிட்டால் தழும்பு கூடுமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது, குறையவும் செய்யாது. முட்டைக்கு நடப்பதுதான் அதற்கும் நடக்கும்.

மருந்து இல்லை என்பதால் செய்வதற்கு எதுவும் இல்லை என்று பொருளாகாது. நட்சத்திர செல்லிடமே சாராயத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. குடித்தது கல்லீரலைத் தாண்டி இங்கேயும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, அழற்சியே இல்லாமல் நேரடியாக அந்தச் செல்லை எழுப்பிவிடும். சாராயமும் பாக்டீரியா நச்சும் கொடுத்து எலிகளுக்குக் கணையத் தழும்பை வரவைத்தார்கள். சாராயத்தை நிறுத்திய எலிகளில் விழித்திருந்த நட்சத்திர செல்கள் மடிந்து தழும்பு குறைந்தது. தொடர்ந்து கொடுத்த எலிகளில் குறையவில்லை. எலிக் கணக்கை அப்படியே மனிதருக்குப் போடக் கூடாது என்று இப்போதுதான் எழுதினேன். ஆனாலும் குடியை விட்டது தம்பி தனக்குச் செய்துகொண்ட மிகப் பெரிய வைத்தியம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை அவரிடம் சொல்லுங்கள். இந்த நோயில் நல்ல செய்தி அவர்கள் காதில் விழுவதே அபூர்வம்.

சிகரெட் விஷயத்தில் நான் தயவு காட்ட முடியாது. “நாலைந்துதானே” என்று எழுதியிருக்கிறீர்கள். புகை தனியாகவே கணைய அழற்சிக்குக் காரணம். குடிக்காதவருக்கும் அது பொருந்தும். புகைப்பவர்களுக்குச் சுண்ணாம்புக் கற்கள் சீக்கிரம் வருகின்றன. நாள்பட்ட அழற்சியால் ஏற்கெனவே கூடியிருக்கும் கணையப் புற்றுநோய் அபாயத்தை அது இன்னும் கூட்டுகிறது. வலியை மறக்கத்தான் பிடிக்கிறேன் என்று பலர் சொல்வார்கள். வலிக்கு வேறு வழி நிறைய இருக்கிறது: மாத்திரை, எண்டோஸ்கோப்பி வழியாகக் கல்லை எடுப்பது, குழாய் விரிந்திருந்தால் அறுவை சிகிச்சை. விட முடியாவிட்டால் நிக்கோட்டின் பட்டையோ மருந்தோ கேட்கச் சொல்லுங்கள். மன உறுதி போதவில்லை என்று அவரை ஏசிக்கொண்டிருப்பதால் பயனில்லை.

ரத்தத்தில் லைபேஸ் சரியாக இருக்கிறது என்று ஆறுதலாக எழுதியிருந்தீர்கள். அதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். லைபேஸ் ரத்தத்தில் ஏறுவது உயிருள்ள கணையச் செல் உடைந்து சிந்தும்போது. தழும்பேறிய கணையத்தில் சிந்துவதற்கே அதிகம் இருக்காது. நோய் முற்றியவருக்கும் எண் சரியாகவே வரும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை மலத்தில் எலாஸ்டேஸ் அளவு. கணையம் சுரந்து குடல் வழியாகச் சிதையாமல் வெளியேறும் நொதி அது. ஒரு கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் சுரப்பு குறைந்திருக்கலாம், 100-க்குக் கீழே என்றால் நிச்சயமாகக் கவனிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் மாதிரி கொடுக்க வேண்டாம். நீர் கலந்து அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். மலம் வெளுத்து, எண்ணெய் மினுங்கி, மிதந்து, தண்ணீர் ஊற்றியும் போகாமல் ஒட்டிக்கொள்கிறதா என்று தம்பியிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அப்படி இருந்தால் எடை குறைந்ததற்கு நீங்கள் நிறுத்திய முட்டை மட்டும் காரணமில்லை. சாப்பிட்டதும் உடம்பில் சேராமல் போயிருக்கிறது.

அந்த நிலையில் கொடுப்பது கணைய நொதி கேப்ஸ்யூல். அது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. அதில் ஆட்சேபம் இருந்தால் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக முழுச் சாப்பாட்டோடு 40,000 முதல் 50,000 லைபேஸ் யூனிட் வரை, சிற்றுண்டியோடு அதில் பாதி என்று தொடங்குவோம். புரதம் வேண்டாம் என்று நீங்கள் பயந்த தம்பிக்கு நான் எழுதும் மருந்தே முழுக்கப் புரதம்தான் என்பதைக் கவனியுங்கள். கேப்ஸ்யூல் வேலை செய்யவில்லை என்று வருபவர்களில் பலர் அதைச் சாப்பிட்டு அரை மணி கழித்தோ, வெறும் வயிற்றிலோ விழுங்கியவர்கள். முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று என்று சாப்பாட்டோடு கலந்து போக வேண்டும். மெல்லக் கூடாது, பொடிக்கக் கூடாது. அப்படியும் பலன் தெரியாவிட்டால் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சேர்ப்போம்.

உணவுக்கு இவ்வளவு போதும்: கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை புரதம். 52 கிலோ எடைக்கு நாளுக்கு 52 முதல் 78 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. எனவே ஒன்றிரண்டு முட்டையோடு நின்றுவிடாதீர்கள். மூன்று வேளைப் பெரிய சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள். கொழுப்பையும் நிறுத்த வேண்டாம். நொதி போட்டும் எண்ணெய் மலம் நிற்காவிட்டால் மட்டும் அதைக் குறைப்பது பற்றிப் பேசலாம். நார்ச்சத்து நல்லது என்று அளவில்லாமல் திணிக்காதீர்கள், அது நொதியின் வேலையைக் கெடுக்கும்.

மருத்துவரிடம் போகும்போது எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் வரும் சர்க்கரை நோய்க்கு ஒரு தனிக் குணம் உண்டு. இன்சுலினோடு, சர்க்கரையை ஏற்றிவிடும் குளுக்ககானும் குறைந்துவிடுவதால், சிகிச்சையின்போது சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகலாம். இதையெல்லாம் தாண்டியும் எடை இறங்கிக்கொண்டே இருந்தாலோ, கண் மஞ்சளானாலோ, வலியின் தன்மை மாறினாலோ காத்திருக்காமல் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

ஒன்றைக் கேட்க மறந்துவிடுவார்கள், நீங்கள் கேளுங்கள்: 30 வயதில் இது ஏன் தொடங்கியது? குடித்தார் என்பதோடு பலரும் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஆயிரத்தைத் தாண்டியதா, ரத்தத்தில் கால்சியம் கூடுதலா, பித்தக்கல் இருக்கிறதா, ஐஜிஜி4 என்ன அளவு? இந்தக் கடைசிப் பரிசோதனை முக்கியம். நோயெதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கும் ஒரு வகையில் இந்த ஐஜிஜி4 புரதம் ரத்தத்தில் கூடும் என்று 2001-இல் ஜப்பானியர்கள் காட்டினார்கள். அந்த வகை மட்டும் ஸ்டீராய்டுக்குச் சில வாரங்களிலேயே வசப்படும். சுண்ணாம்புக் கற்களோடு சுருங்கிய கணையத்தில் அது இருக்க வாய்ப்பு குறைவு. என்றாலும் ஒரு ரத்தப் பரிசோதனையோடு தீருகிற சந்தேகத்தை விட்டுவைப்பானேன்?

மரபணுவும் அந்தக் காரணங்களில் ஒன்று. அதுதான் உங்கள் கடைசிக் கேள்வி. ஒரு டிரிப்சின் இன்னொரு டிரிப்சினைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டி அணைக்கும் என்று எழுதினேன் அல்லவா? அந்த இடத்திலுள்ள ஓர் அமினோ அமிலம் மாறிவிட்டால் வெட்டு விழாது. டிரிப்சின் அணையாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். பரம்பரைக் கணைய அழற்சியின் காரணமாக 1996-இல் கண்டறியப்பட்ட முதல் மரபணு மாற்றமே இதுதான். இது தம்பிக்கு இருந்தால் மகளுக்குப் போக இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. போனாலும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. காவல் நிற்கும் ஸ்பிங்க்1 மரபணுவில் மாற்றம் இருந்தால் கதை வேறு. ஊரில் எத்தனையோ பேர் அதைச் சுமந்துகொண்டு ஒரு நோயும் இல்லாமல் இருக்கிறார்கள். அது அபாயத்தைக் கூட்டும், அவ்வளவுதான்.

அதனால் பரிசோதனையைத் தம்பிக்குச் செய்யுங்கள், குழந்தைக்கு வேண்டாம். அறிகுறியே இல்லாத சிறு குழந்தைக்கு முன்கூட்டியே மரபணுப் பரிசோதனை செய்வதை நாங்கள் பொதுவாக ஊக்குவிப்பதில்லை. விடை தெரிந்தாலும் இந்த வயதில் அதற்கென்று கொடுக்க மருந்து எதுவும் இல்லை. அவள் திரும்பத் திரும்ப மேல்வயிறு வலிக்கிறது என்று சொன்னால், குழந்தைகள் மருத்துவரிடம் அப்பாவின் நோயை முதலிலேயே சொல்லிவிட்டு, வலி இருக்கும்போதே லைபேஸ் பார்க்கச் சொல்லுங்கள். வலி அடங்கிய பிறகு எடுத்தால் சில சமயம் எண் இறங்கிவிட்டிருக்கும்.